பூட்டுக்கு யார் பொறுப்பு?

89-ஐ 97-ஆல் பெருக்குங்கள். பேப்பரும் பென்சிலும் இருந்தால் அரை நிமிஷ வேலை. விடை 8633. அதையே திருப்பிப் போடுவோம். 8633 எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று மட்டும் கேட்டிருந்தால்? 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே வரவேண்டும். இருபத்துநாலாவது முயற்சியில்தான் 89 சிக்கும்.

1-ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது பகா எண். 1-ஐ விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பகு எண்கள். ஒரு பகு எண்ணைப் பகாக் காரணிகளாக ஒரே ஒரு விதத்தில்தான் உடைக்கமுடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த உடைத்தல் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்நூறு இலக்கப் பகா எண்கள் இரண்டைத் தகுந்தபடி தேர்ந்தெடுத்துப் பெருக்கிக் கொடுத்தால், இன்றைய கம்ப்யூட்டர்களும் கையை விரித்துவிடும்.

‘சரிதான் சார், இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்கிறீர்களா? யாருக்கும் இல்லை என்று பெருமையாகவே சொன்னவர் ஒருவர் உண்டு. நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அதே ஹார்டி. போரை வெறுத்த மனிதர். 1940-ல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எழுதிய ‘எ மேத்தமெடிஷியன்ஸ் அபாலஜி’ என்ற சின்னப் புத்தகத்தில், எண் கணிதத்தால் போருக்கு எந்த உபயோகமும் இல்லை, ஆகவே அது சுத்தமானது என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்.

1947-ல் ஹார்டி இறந்தார். 1973-ல், அதே கேம்பிரிட்ஜில் படித்த கிளிஃபர்ட் காக்ஸ், பகா எண்களைப் பெருக்கி உடைக்கமுடியாத ரகசியப் பூட்டு ஒன்று செய்தார். வேலை பார்த்த இடம் பிரிட்டிஷ் உளவுத்துறை. 1997 வரை விஷயம் வெளியே வரவில்லை. இதற்கிடையே 1977-ல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதே பூட்டைத் தாங்களாகவே கண்டுபிடித்து ஊரறிய வெளியிட்டார்கள். இந்த மாதிரி வலுவான பூட்டு மென்பொருளை அமெரிக்க அரசு 1996 வரை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் எந்தப் பட்டியலில் வைத்திருந்தது தெரியுமா? ஆயுதங்கள் பட்டியலில். டாங்கியும் ஏவுகணையும் இருந்த அதே பட்டியல்!

அப்படியானால் ஹார்டி குற்றவாளியா? இல்லை. முப்பது வருஷம் கழித்து யாரோ செய்யப்போவதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் ‘உபயோகம் இல்லை, அதனால் பாவமும் இல்லை’ என்று அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சர்ட்டிஃபிகேட் செல்லாது. நீங்கள் இணையத்தில் பணம் அனுப்பும்போது காவல் நிற்பதில் இந்தப் பகா எண்களுக்குப் பங்கு உண்டு. அடுத்தவன் கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் பறிப்பவனுக்கும் அதே பூட்டுதான் கைகொடுக்கிறது. பூட்டு ஆள் பார்ப்பதில்லை.

ஹார்டியின் ஆறுதலை நாமும் தினம் சொல்லிக்கொள்கிறோம். ‘நான் ப்ரோக்ராம் எழுதறதோட சரி’, ‘கையெழுத்து மட்டும்தான் என்னுது’, ‘என் வேலையால யாருக்கு என்ன கெடுதல்?’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கையை விட்டுப் போன பொருள் எங்கே போய் என்ன ஆகும் என்று உங்களால் சொல்லமுடியாது. எனவே ‘தீங்கே வராது’ என்ற உத்தரவாதத்தை யாரும் கொடுக்கவேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

கேட்கவேண்டியது வேறு. தீங்கு தெரியவந்த நாளில் நீ என்ன செய்தாய்? ஒரே பூட்டு கையில் கிடைத்தபோது ஒரு தேசம் அலமாரியில் ஒளித்துவைத்தது, மூன்று பேர் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டுமே தெரிந்து செய்தவை. ஹார்டிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.