மற்றப் படகில் இருந்தவர்கள்

கெனசரேத்து ஏரியில் வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்டபோது, சீமோன் பேதுரு மற்றப் படகிலிருந்த தம் கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார் என்கிறார் லூக்கா. அவர்கள் வந்து உதவினார்கள். இரு படகுகளும் நிரம்பின. இதனைச் சீடர்களின் அழைத்தலாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஒரே தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் கைகொடுத்த நிகழ்ச்சியாகவும் வாசிக்கலாம். மங்கலத்தில் வாழ்பவனுக்கு அப்படித்தான் வாசிக்கத் தோன்றுகிறது.

நம் மக்களில் ஒருவர் பவர்டேபிள் வைத்துப் பனியன் தைத்துக் கொடுத்தார். பிறகு துணிந்து தாமே ஆர்டர் எடுத்தார். விலை பேசிய நாளைய நூல் விலையைக் கொண்டு கணக்கிட்டார். நூல் வாங்கிய நாளில் விலை ஏறியிருந்தது. கடனை மனைவியிடமும் மறைத்தவர், ஒருநாள் தம்மைப் போன்ற நால்வர் முன்னே கணக்கேட்டைத் திறந்து வைத்தார். அவர்கள் பிழையைச் சுட்டிக்காட்டினர். ஒருவர் தம் பொறுப்பில் நூல் வாங்கிக் கொடுத்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட இத்தனை ஒளிவுமறைவின்றிப் பேசுவோர் குறைவு! அதே குழியில் விழுந்து எழுந்தவனிடம் வெட்கம் தேவைப்படுவதில்லை.

சங்கங்களின் வலிமையும் இதுவே. 1990-இல் தோன்றிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், எந்தத் தனி முதலாளியாலும் இயலாத ஆடைப் பூங்காவையும் குடிநீர்த் திட்டத்தையும் முன்னெடுத்தது. 2022 சனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள், ஒப்புக்கொண்ட கூலி உயர்வைக் கேட்டுத் தறிகளை நிறுத்தினர். நான்கு தறி வைத்திருப்பவன் தனியே கேட்டிருந்தால் பாவும் நூலும் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆயினும் நொய்யல் நம்மை உறுத்துகிறது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அந்த நீரே வேண்டாம் என்றனர் உழவர்கள். தனியொருவர் கழிவைச் சுத்திகரித்தால் அவருடைய சாயக்கூலி உயரும், வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே எல்லாரும் விட்டார்கள். எல்லாரும் விடுவதே ஒவ்வொருவருக்கும் ஆறுதலாயிற்று. நண்பர் கூட்டம் அச்சத்தைப் போக்குவதுபோல மனச்சான்றையும் உறங்க வைக்கும் போலும். உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பின்னர் நீரை மீட்டுப் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால்தான் தொழில் மீண்டது. அதையும் கூட்டாகவே செய்ய முடிந்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் முன்னைய ஆண்டுகளில் அவர்கள் கூடிப் பேசிய மேசையில் ஆற்றின் கீழ்ப்புறத்தார் எவரும் இல்லை.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில் சங்கங்களைப் பெரிதும் போற்றினார். தொழிலாளர் மட்டும் சேர்ந்தவை, முதலாளியும் தொழிலாளரும் ஒன்றாய்ச் சேர்ந்தவை என்னும் இருவகையும் பெருக வேண்டும் என விரும்பினார். இரண்டாம் வகையை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம். மாற்கு நற்செய்தியில் ஒரு சிறு குறிப்பு உண்டு: யாக்கோபும் யோவானும் புறப்பட்டபோது, செபதேயுவுடன் படகில் கூலியாள்களும் இருந்தார்கள். கூட்டாளிகளைப் பற்றி நிறையப் பிரசங்கம் செய்திருக்கிறேன்; அந்தக் கூலியாள்களைப் பற்றி ஒருமுறைகூடச் செய்ததில்லை.

அந்தப் பனியன் நண்பரிடம், நால்வரும் வேறென்ன யோசனை சொன்னார்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். சற்றுத் தயங்கினார். "இரண்டு சனிக்கிழமைச் சம்பளத்தைத் தள்ளிப்போடச் சொன்னாங்க சாமி. போட்டேன்."

"தைக்கிறவர்களிடம் காரணம் சொன்னீர்களா?"

"இல்லைங்க. அவர்களிடம் போய் எப்படிங்க நட்டத்தைச் சொல்வது?"

நால்வரிடம் வராத வெட்கம் அப்போது அவர் முகத்தில் இருந்தது.