தொட்டிச் செடியும் நம் பொறுப்பும்

ஓர் உயிரை அதன் இடத்தினின்று பெயர்த்து, நம் வசதிக்குள் அடக்கி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், அவ்வுரிமையோடு வந்து சேரும் கடமை யாது? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது பெரிய நூல் எதுவுமன்று. ஒரு தக்காளிச் செடி.

ஸ்ரீவில்லிபுத்தூர் தோட்டத்தோடு பெயர் பிணைந்த ஊர். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றை அவ்வூரில் அறியாதார் இலர். அங்கே எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில், தக்காளி தானே முளைத்துத் தானே காய்க்கும். தந்தையார் மறைந்தபின் தாயாரை ராஜபாளையத்துக்கு அழைத்து வந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே அதிகத் தொலைவில்லை. ஆயினும் இங்கே எங்களுக்கு வாய்த்தது மாடி வீடு. மண்ணென்று சொல்ல ஒரு சாண் இடமில்லை.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. சென்னையில் நியாயவிலைக் கடைகளிலே 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. அப்போதுதான் மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்தோம். ஓரடி ஆழம், அடியில் நீர் வடியத் துளை, செம்மண்ணும் மட்கிய சாணமும் தென்னை நார்க்கழிவும் சம பங்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 இரகத்தில், தொட்டிக்கு ஒரு நாற்று. நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம். சாயாமலிருக்க ஒரு கொம்பு. செடி செழித்தது, காயும் பிடித்தது. ஆனால் காய்களின் அடிப்பாகம் கறுத்து அழுகத் தொடங்கியது.

பூச்சியோ என்று அஞ்சினேன். அன்று. வேலை மிகுந்த நாட்களில் மறந்துவிட்டு, நினைவு வந்த நாளில் குடம் குடமாக ஊற்றியதன் விளைவு அது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், நீர் சீராக ஏறினால்தான் அது காயைச் சென்று சேரும். தாயார் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “தரையிலே நட்ட செடி தன் தண்ணீரைத் தானே தேடிக்கிடும், அத்தா. இது உன்னையல்லவா பார்த்திருக்கு!”

மரம் நடுவதும் பயிரிடுவதும் தருமம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். ஆனால் அன்று என் நினைவுக்கு வந்தது வேறொன்று. பூனையொன்றைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. செடியும் பூனையும் ஒன்றல்ல; நான் கொள்வது படிப்பினையை மட்டுமே. தேடும் வழியை அடைத்தவன், தேடித் தரும் பொறுப்பையும் ஏற்கிறான்.

அப்படியாயின், தாயார்? ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுக்கு அண்டை வீடு இருந்தது, திண்ணை இருந்தது, குரல் கொடுத்தால் வர நாலு பேர் இருந்தார்கள். வேண்டிய பேச்சை அவர்களே தேடிக்கொண்டார்கள். அந்த வேரை அறுத்து மாடிக்குக் கொண்டு வந்தவன் நான். உணவுக்கும் மருந்துக்கும் குறை வைத்ததில்லை. ஆனால் அருகமர்ந்து பேசுவதோ, வாரமெல்லாம் மறந்துவிட்டு விடுமுறை நாளில் சேர்த்துக் கொட்டுவதாகவே இருந்தது. அன்பில்லாமல் இல்லை, முறையில்லை. காய் கறுத்ததும் அதனால்தானே!

எனவே, தொட்டியே கூடாது என்பேனா? இல்லை. இடமற்றவர் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். முதியோரைத் தனியே விடவும் இயலாது. அடக்கி வைத்தது குற்றமன்று. அடக்கி வைத்ததை மறப்பதே குற்றம். பொங்கி வரும் பாசத்தைவிட, நாள் தவறாத ஒரு குவளை நீர் மேலானது.

இப்போது சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மாடிக்குச் செல்கிறேன். தாயாரும் உடன் வருகிறார்கள். நீர் ஊற்ற ஐந்து நிமிடம் போதும். நாங்கள் இறங்கி வர அரை மணி ஆகிறது.