கறுத்த முகமும் தலையெழுத்தும்

முகம் வெளுக்கவேண்டும் என்று செய்துகொண்ட சிகிச்சையால் முகம் மேலும் கறுத்துப்போனால், ‘எல்லாம் தலையெழுத்து’ என்று ஆறுதல் சொல்வது மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களிலும் வழக்கம்தான். யான், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழரிடையே சைவ மரபு வேரூன்றியது. அந்தச் சைவத்தின் சித்தாந்தம் இந்த ஆறுதலை ஏற்குமா?

முதலில், முகம் கறுப்பது எதனால்? லேசர் சிகிச்சையில் ஒளியை உறிஞ்சுவது தோலின் நிறமியான மெலனின். கருந்தோலின் மேலடுக்கிலேயே அது மிகுதியாக இருப்பதால் சூடு அங்கேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். புண்பட்ட இடம் ஆறும்போது முன்னிலும் அதிகமாக நிறமி சுரந்து கறை படியும். அமிலம் தடவித் தோலுரிக்கும் ‘பீலிங்’கிலும் இதே ஆபத்து உண்டு. வெயில் பட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் வெயிலுக்கு ஓய்வு ஏது? பாதரசம் கலந்த கிரீம் மெலனின் உருவாவதைத் தடுத்துச் சிறிது காலம் வெளுப்புக் காட்டும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். அத்தகைய கிரீம்களை ஒழிப்பது 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கையின் நோக்கங்களில் ஒன்று.

ஆக, தோலின் தன்மை அறியாமல் கருவியைக் கையில் எடுத்தவரின் பிழை இதில் பெரும்பங்கு. சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது: சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இனிமேலுக்காக இப்போது ஈட்டுவது. முகம் கறுத்தவளுக்கு அது பிராரத்தம் என்றே கொண்டாலும், அதே நிகழ்ச்சி சிகிச்சை செய்தவருக்கு ஆகாமியம். அவளுடைய விதியைக் காட்டி அவர் தம் கணக்கிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. தலையெழுத்துப் பேச்சு இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறது.

இன்னொரு ஆறுதலும் உண்டு: ‘உடம்பு பொய், இதற்கா அழுவது?’ 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் மூன்றாம் நூற்பா, ‘என் உடல்’ என்று சொல்பவன் உடலுக்கு வேறானவன் என்று வாதிக்கிறது. தோல் உயிரன்று என்பது சரியே. ஆனால் அந்த உடலை உயிர் பக்குவப்படுவதற்கென இறைவன் உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து கூட்டித் தந்தான் என்பதும் அதே சித்தாந்தம்தான். திருமூலரும் உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்து, உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணியதாகச் சொல்கிறார். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுரு வேண்டினார் என்கிறது பெரியபுராணம். அது அவரே விரும்பிக் கேட்டது. பிறர் கைப்பிழையால் போன அழகைத் துறவுக் கணக்கில் எழுதுவது அபத்தம்.

வெளுப்பின்மேல் உள்ள ஆசைக்குச் சமயத்தில் ஆதாரம் தேடினாலும் கிடைக்காது. கருங்கல் அம்மனுக்கு எண்ணெய்க் காப்பிட்டுக் கும்பிடும் வீட்டார்தான் சிவப்பான மருமகள் தேடுகிறார்கள். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி வெளுப்புக் கிரீம் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, வீட்டார் மாறவில்லை.

சிகிச்சை செய்தவரின் கணக்கைச் சட்டமும் கேட்கும். மலேசியாவில் அழகுக்கான லேசர் சிகிச்சை மருத்துவர் செய்யவேண்டியது, அழகு நிலையத்தின் வேலையன்று. அழகு நிலையத்தில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற, 50,000 ரிங்கிட் வரை, நிகழ்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். உடற்காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் நீதிமன்றத்தில்தான் கேட்கவேண்டும்.