அதிசாரமும் அச்சமும்



நான் அறிந்த ஓர் அம்மையார் இளமையில் ஜினாலய வாயிலில் சிக்குக் கோலமிடுவதில் கைதேர்ந்தவர். ஓர் இழை கோணினாலும் முழுவதையும் அழித்து மீண்டும் தொடங்குவார். நாளடைவில் இடுவதினும் அழிப்பதே மிகுந்தது. பின்னர் மாக்கிண்ணத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார். சாமாயிகத்திற்கும் அதே கதி நேர்ந்தது. "மனம் அலைகிறதே, அரைகுறையாகச் செய்து பாவம் தேடுவானேன்?" என்றார். கேட்பதற்கு இது விரத பக்தி போலவே இருக்கிறது. ஆகமமோ இவ்வாறு கூறவில்லை.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார் விரதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை எண்ணிக் காட்டுகிறார். சாமாயிகத்திற்குரியவை: மனம், மொழி, மெய் என்னும் மூன்றும் தனித்தனியே நெறி பிறழ்தல், ஆர்வமின்மை, மறதி. சற்றே நின்று எண்ணுங்கள்! நம் மனம் அலையும் என்பதை ஆசாரியர் முன்பே அறிந்து, அதற்கோர் இடமும் ஒதுக்கி வைத்துள்ளார். அதிசாரம் என்பது விரதத்தில் படியும் மாசு. விரதத்தையே கைவிடுவது அநாசாரம். மாசு படியுமென அஞ்சி ஆடையை எரிப்பார் உண்டோ? பிழையே நேராதெனில் பிரதிக்கிரமணத்திற்குத்தான் வேலை ஏது?

முனிவர் நிலையைப் பாருங்கள். ஆறாம் குணத்தானத்தின் பெயரே பிரமத்த விரதம். மகாவிரதம் ஏற்றவரும் ஆறுக்கும் ஏழுக்குமாக மீண்டும் மீண்டும் ஏறி இறங்குகிறார். ஒவ்வொன்றிலும் தங்குவது அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்கு உட்பட்ட காலமே. இறங்கினோமே என்று அவர் மயிற்பீலியையும் கமண்டலத்தையும் வீசி எறிவதில்லை. மோகனீய கருமம் முற்றும் நீங்கிய தூய்மை பன்னிரண்டாம் குணத்தானத்திற்குரியது. ஐந்தாம் படியில் கால்வைக்க முயலும் நாம் அதனை இன்றே வேண்டி, கிட்டாதபோது நம்மையே கடிந்துகொள்வது பணிவா, மானமா? நான்கு கஷாயங்களுள் ஒன்றான மானம், "என் கையால் பிழை வரலாகாது" என்னும் எண்ணத்திற்குள்ளும் ஒளிந்திருக்கும். இப்பக்கத்தை மும்முறை கிழித்தெழுதிய எனக்கும் இது பொருந்தும்.

உணவும் உறக்கமும் கெடுமளவு அச்சம் வளர்ந்தால் மருத்துவரை நாடுவதில் இழுக்கில்லை. அம்மையாரின் நிலை அந்த அளவிற்குச் செல்லவில்லை. "இரண்டு நாழிகை அமருங்கள். மனம் ஓடினால் அழைத்து வாருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டா. ஓடியதை இறுதியில் ஆலோசனையில் சொல்லிவிடுங்கள்" என்றேன். கோலத்தைப் பற்றி நான் ஏதும் கூறவில்லை.

சென்ற சதுர்த்தசியன்று ஆலய வாயிலில் சிறு கோலம் ஒன்று கண்டேன். வடகிழக்கு மூலையில் ஓர் இழை கோணியிருந்தது. அழிக்கப்படவில்லை.