பெயரும் கீரையும்

பெய்ஜிங் சந்தையில் 'பைசாய்' வேண்டும் என்று கேட்டால், வெளிறிய இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிப் படிந்த நீண்ட கோஸ் ஒன்று கைக்கு வரும். அதே இரண்டு எழுத்துக்களைக் கான்டனில் எழுதிக் காட்டினால் வருவது வேறு: தடித்த வெள்ளைத் தண்டும் விரிந்த பச்சை இலையுமான கீரை. அங்கே அதன் உச்சரிப்பு 'பாக் சோய்'. இரண்டுக்கும் பொருள் வெள்ளைக் கீரை என்பதுதான். அதிலேயே பச்சைத் தண்டுள்ள வகையை ஷாங்காய்க்காரர்கள் 'சிங்சாய்', அதாவது பச்சைக் கீரை, என்கிறார்கள்.

வழக்கைத் தாவர சாஸ்திரியிடம் கொண்டுபோனால், அவர் இவை எல்லாவற்றையும் டர்னிப் கிழங்கோடு சேர்த்துப் 'பிராசிகா ராபா' என்ற ஒரே இனத்தில் அடைத்துவிடுவார். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பெயரை நம்பி அடுப்பை மூட்ட முடியுமா? கீரைக்குப் பதில் கிழங்கு வந்தாலும் சாஸ்திரி சொன்னது பொய்யாகாதே!

அப்படியானால் எதுதான் சரியான பெயர்? இது கீரைக்கடையோடு முடிகிற சங்கதி அல்ல. வெய் நாட்டின் நிர்வாகம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீடர் ட்சூலூ கேட்டபோது, பெயர்களைச் சீர்படுத்துவேன் என்றார் கன்பூசியஸ். சீடருக்கே அது சுற்றி வளைத்த பேச்சாகப் பட்டது. ஆனால் பெயர் பிசகினால் பேச்சு முதல் தண்டனை வரை எல்லாமே பிசகும் என்பது அவர் முடிவு. அரசன் என்று பெயர் தாங்குகிறவன் அரசனாக நடக்க வேண்டும். பெயர் என்பது ஒரு வாக்கு.

வாக்கு என்று பார்த்தால் பெய்ஜிங் வியாபாரியும் கான்டன் வியாபாரியும் யோக்கியர்களே. அவரவர் ஊரில் கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே கொடுக்கிறார்கள். பெயர்கள் பலவாக இருப்பதால் தீங்கு இல்லை. ஒரு பெயர் தீர்ப்பாக மாறும்போதுதான் தீங்கு.

நம் வள்ளைக்கீரையின் தண்டு குழலாக இருக்கும். அதனால் சீனர்கள் அதைக் 'கோங்சின்சாய்', இதயம் வெறுமையான கீரை, என்கிறார்கள். மிங் காலத்து நாவலான 'ஃபெங்ஷென் யான்யி'யில் பீகான் என்ற அமைச்சர் தம் இதயத்தை அரசனுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு, மந்திரத்தின் பலத்தால் குதிரையேறிப் போகிறார். வழியில் ஒருத்தி இதயமில்லாக் கீரை விற்கிறாள். அது இந்தக் கீரைதான் என்பது மக்கள் வழக்கு. மனிதனுக்கு இதயமில்லாவிட்டால் என்ன ஆகும் என்கிறார். செத்துப்போவான் என்கிறாள். அவ்வளவுதான், குதிரையிலிருந்து சாய்ந்துவிடுகிறார். அதுவரை அவரைத் தாங்கிய உயிரை ஒரு சொல் முடித்துவிட்டது.

இதே கீரை அமெரிக்காவில் மத்திய அரசின் தீங்குக் களைகள் பட்டியலில் இருக்கிறது. நீர்நிலைகளை மூடிப் படர்ந்துவிடும் என்ற பயத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் களை என்பது செடியின் குணமா? அது எங்கே முளைத்தது, யார் கண்ணில் பட்டது என்பதற்கு இட்ட பெயர்தானே? உதவாக்கரை, அந்நியன், ஓடுகாலி என்று மனிதருக்கு நாம் சூட்டும் பெயர்களும் இந்த ரகம்தான். அவை அவர்களைக் காட்டுவதைவிட, நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையே அதிகம் காட்டுகின்றன.

கீரை வாங்கத் தெரிந்தவர்கள் பெயரைக் கேட்டதோடு நிற்பதில்லை. தண்டை ஒடித்துப் பார்க்கிறார்கள், இலையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். காலணாக் கீரைக்குக் காட்டும் அந்தப் பொறுமையைச் சக மனிதருக்கும் காட்டினால் என்ன?