குழந்தையின் பாடு

நோயுற்ற குழந்தைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன என்று கேட்டால், மருந்து, உணவு, தாயின் அருகாமை என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். விளையாட்டு என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு நா எழும்? அது குணமான பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே நம் வீடுகளில் எண்ணப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் தன்னார்வக் குழுவினர் ஒன்றுகூடி, மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளுக்கென விளையாட்டுப் பைகளைத் தயாரித்து வருகிறார்கள். வண்ணக்கோல்கள், வரைதாள், துணிப்பொம்மை, ஊசிமுனை இல்லாத மருந்துக்குழல், கட்டுத்துணி, சோப்புக்குமிழி ஊதும் புட்டி, படப்புதிர் என எளிய பொருள்களே அவற்றில் இருக்கும். இச்செயலை ஈகை என்பதா, நீதி என்பதா? இந்தக் கேள்வியைப் பழவேற்காட்டின் கரையில் நின்று சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களில் பிறக்கும் குழந்தைக்குக் கடையில் வாங்கிய பொம்மை தேவைப்படுவதில்லை. மணல் இருக்கிறது, கரையேற்றிய படகின் நிழல் இருக்கிறது, பனையோலையில் முடைந்த காற்றாடி இருக்கிறது, அறுந்த வலைத்துண்டு இருக்கிறது. தந்தை செய்வதையெல்லாம் மகன் மணலில் செய்து பார்க்கிறான். தாய் மீன் கூறுபோடுவதை மகள் கிளிஞ்சல்களை வைத்துச் செய்து பார்க்கிறாள். விளையாட்டு அங்கே வாழ்க்கையின் ஒத்திகை.

அந்தக் குழந்தைக்குக் கடும் நோய் வந்தால் பொன்னேரியைத் தாண்டிச் சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ செல்ல நேரிடுகிறது. தாய் கட்டிலருகே தங்குகிறாள். தந்தையோ ஒரு நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் உலை ஏறாது என்ற நிலையில் ஊர் திரும்புகிறார். மணலும் நீரும் திறந்த வானமும் ஒரே நாளில் பறிபோய், குழந்தைக்கு எஞ்சுவது ஒரு கட்டிலும் நான்கு சுவர்களும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அங்கே எல்லாம் அதற்குச் செய்யப்படுகின்றன. அது செய்வதற்கு எதுவுமில்லை. பிறர் தூக்குகிறார்கள், பிறர் கையைப் பிடித்து ஊசி குத்துகிறார்கள், உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் பிறர் குறிக்கிறார்கள். அதன் நன்மைக்காகவே எல்லாம் நடக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த நன்மையை மூன்று வயதுக் குழந்தை எப்படி அறியும்?

இந்த உண்மையை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் உணர்ந்தது. முன்பு இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் பெற்றோரைக் குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட நேரத்திற்கு மட்டுமே அனுமதித்தன. அழாமல் கிடந்த குழந்தை பழகிவிட்டது என்று எண்ணப்பட்டது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அமைதி என்று கருதப்பட்டது உள்ளுக்குள் ஒடுங்கிய துயரம் என்பதைப் பலர் அப்போதுதான் கண்டார்கள். 1959இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவும் குழந்தைகளின் மனநலத் தேவைகளைக் கவனிக்கவும் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 1955இல், வியன்னாவில் பிறந்த ஆசிரியையான எம்மா பிளாங்க் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் உரிய ஒரு பணியைத் தொடங்கியிருந்தார். தாய் கட்டிலருகே தங்குவதை மேலைநாட்டார் அறிக்கை எழுதிப் பெற வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஆள் பற்றாக்குறையே அதை வழக்கமாக்கியது. ஆனால் தூக்கமிழந்து தரையில் சாய்ந்திருக்கும் அந்தத் தாய் எவ்வளவு நேரம் விளையாட்டுக் காட்ட முடியும்?

விளையாட்டு எவ்வாறு மருந்தின் துணையாகிறது என்பது எளிதில் விளங்கக்கூடியதே. பொம்மையின் கையில் மருந்துக்குழலை வைத்து அழுத்தும் குழந்தை, சற்று நேரத்திற்கு ஊசியைப் பெறும் நிலையிலிருந்து ஊசியைப் போடும் நிலைக்கு உயர்கிறது. "அழாதே, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று தன்னிடம் சொல்லப்பட்டதை அது பொம்மையிடம் சொல்கிறது. சொல்ல வார்த்தை இல்லாத அச்சம் அங்கே உருவம் பெறுகிறது. உருவம் பெற்ற அச்சத்தைக் கையாள முடிகிறது. குமிழி ஊதும்போது மூச்சு நீண்டு சீராகிறது. கவனம் ஊசியிலிருந்து விலகுகிறது. நோயை விளையாட்டு தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நோய் பறித்துக்கொண்ட ஒன்றை, தானே ஒரு செயலைத் தொடங்கவும் நிறுத்தவும் வல்ல உரிமையை, அது குழந்தையிடம் திருப்பிக் கொடுக்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். படுக்கை போதாமல் ஒரே கட்டிலில் இருவர் கிடக்கும் இடத்தில், மருந்துக்குக் கடன் வாங்கும் பெற்றோர் முன்னிலையில், பொம்மையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அன்றோ? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. மருந்துக்கு உரிய பணத்தைப் பொம்மைக்குச் செலவிடச் சொல்பவர் எவருமிலர். ஆனால் வறியவருக்கு உயிர் பிழைத்தால் போதும், மற்றவை வசதி படைத்தோர்க்கு என்ற எண்ணம் அந்தக் கேள்வியினுள் ஒளிந்திருக்குமானால், அதை நாம் ஏற்க இயலாது. குழந்தைப் பருவம் நோய் தீரும்வரை காத்திருப்பதில்லை. சில குழந்தைகளுக்கு நோய் தீராமலே போகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் குழந்தைப் பருவம் அந்தக் கட்டிலில் கழிவது மட்டுமே. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992இல் இந்தியாவும் அதற்கு உடன்பட்டது. நலமுள்ள குழந்தைக்கு மட்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களைக் குலுக்கல் முறையில் பகிர்ந்து, முறைவைத்துத் தொழில் செய்வார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே சேராது. இம்முறையில் எல்லா ஊராருக்கும் இடம் கிடைத்ததில்லை. அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. எனினும் அதன் உள்ளே ஓர் அறம் இருக்கிறது. தன் முறை வந்த மீனவர் எவரிடமும் இரந்து வலை விரிப்பதில்லை. தம்முடையதைத் தாம் எடுக்கிறார். நோயுற்ற குழந்தையின் விளையாட்டையும் நாம் இப்படித்தான் காண வேண்டும். அது அதன் பாடு. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் வள்ளலாகிவிடுவதில்லை. உரியவரிடம் உரியதை ஒப்படைக்கிறார், அவ்வளவே.

இப்படிப் பார்த்தால் கொடுக்கும் முறையும் மாறுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரங்களுக்கு வந்த உதவி அளப்பரியது. அதே வேளையில், உடுத்த இயலாத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததையும் மறக்க முடியாது. அலமாரியைக் காலி செய்வதற்கும் ஆடையற்றவரை உடுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அன்று வெளிப்பட்டது. வீட்டில் பயன்படாத பொம்மையை மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்பதும் அத்தகைய எண்ணமே. பல கைகள் தொட்ட பஞ்சுப்பொம்மையில் கிருமிகள் தங்கும். புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு அது தீங்காகலாம். 2002இல் நியூசிலாந்து மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் செய்த ஆய்வொன்று, கடினமான பொம்மைகளைவிட மென்மையான பொம்மைகளில் மாசு மிகுதி என்று கண்டது. சிறு உறுப்புகள் கழன்று வரும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். ஆகவே செவிலியரைக் கேட்டு, வயது அறிந்து, புதிதாகவும் கழுவக்கூடியதாகவும், ஒரு குழந்தைக்கு ஒன்றெனச் சொந்தமாகவும் கொடுப்பதே முறை. அன்புக்கு அறிவு துணை நிற்க வேண்டும்.

இப்பணியில் ஏரிக்கரை ஊர்களின் கைகளுக்கும் இடம் இருக்கிறது. பழவேற்காட்டின் பெண்கள் பனையோலையில் கூடை முடைவதில் பேர் பெற்றவர்கள். அத்தகைய கைகள் தைக்கும் துணிப்பொம்மையில் குழந்தை தன் ஊர் முகத்தைக் காணும். மழுங்கச் செதுக்கிய மரப்படகில் தன் தந்தையின் தொழிலைக் காணும். நகரத்தார் கொடுக்க, கடலோரத்தார் பெற்றுக்கொள்ள என்றில்லாமல், பெற்றவர்களே அடுத்த கட்டிலுக்குக் கொடுப்பவர்களாகவும் ஆகலாம்.

இறுதியாகக் கொடுப்பவரின் மனத்தைப் பற்றி ஒரு சொல். நன்றி சொல்லச் செய்து, கையில் பையைத் திணித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், ஏற்கெனவே எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளும் நிலையிலிருக்கும் குழந்தையை மீண்டும் ஒருமுறை அதே நிலையில் நிறுத்துகிறோம். அது பொம்மையை எறியலாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கலாம். விளையாட மறுப்பதும் அதன் உரிமையே. பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடும் பொறுமை நமக்கு வேண்டும். நாம் போன பிறகு, நாம் காணாத நேரத்தில் அது திறக்கப்படலாம்.

பாடு என்ற சொல்லுக்கு நம் வழிபாட்டு மொழியில் துன்பம் என்று பொருள். தவக்காலந்தோறும் அதைத் தியானிக்கிறோம். ஏரிக்கரையிலோ அது ஒருவருக்கு முறைப்படி வந்து சேரும் பங்கு. நோயுற்ற குழந்தை முதற்பொருளில் தன் பாட்டை வயதுக்கு மீறிப் பெற்றுவிட்டது. இரண்டாம் பொருளில் அதற்குரிய பாடு இன்னும் நம் கைகளில்தான் இருக்கிறது.