மணி திரும்பிப் பார்த்த திசை

நாயை ரயிலில் எப்படிக் கூட்டிப்போவது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு ராஜபாளையம் நாயைப் பதினோரு வருடம் வளர்த்தவன், அதை மூன்று கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனவன் என்ற தகுதி எனக்கு உண்டு. பதிலில் ரகசியம் ஒன்றும் இல்லை. முதல் வகுப்பில் இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயோ நான்கு படுக்கைகள் கொண்ட கேபினோ முழுவதுமாக உங்களுக்குக் கிடைத்தால் நாய் உங்களோடு வரலாம். கிடைக்காவிட்டால் பார்சல் ஆபீசில் பதிவு செய்து, பிரேக் வேனில் இருக்கும் நாய்ப்பெட்டியில் ஏற்றவேண்டும். தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வாந்தி எடுக்கும். தண்ணீர் வீட்டுத் தண்ணீராக இருக்கட்டும். முக்கியமாக, அது படுக்கும் சாக்கையோ போர்வையையோ துவைக்காமல் அப்படியே சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனைதான் போகிற இடத்தில் அதற்கு வீடு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் நாயின் பெயர் மணி. (நம் ஊரில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். வித்தியாசமாக வைக்கவேண்டும் என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, கடைசியில் வாயில் வந்தது அதுதான்.) ராஜபாளையம் நாய்க்குச் சொல்லப்படும் லட்சணங்கள் எல்லாம் அவனிடம் இருந்தன. அழுக்கில்லாத வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஏறிய வயிறு, நீண்ட கால். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தத் தபால்தலையைப் பக்கத்தில் வைத்து மணியை ஒப்பிட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் கண்காட்சி என்பதே அதுதானே. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேட்டை நாய்களை நிறுத்திப் போட்டி நடந்தது. இன்றைய கண்காட்சியில் நடுவர் ஒரு நாயைப் பக்கத்து நாயோடு ஒப்பிடுவதில்லை, குறைந்தபட்சம் கொள்கையளவில். அந்த இனத்துக்கென்று எழுதிவைத்த ஓர் இலட்சிய நாய் உண்டு, எங்கேயும் பிறக்காத நாய். அதற்கு எவ்வளவு நெருக்கத்தில் இந்த நாய் வருகிறது என்று பார்க்கிறார். பிளேட்டோ உட்கார்ந்து ரசித்திருப்பார்.

போட்டிக்குப் பழக்குவது கடினமில்லை. நாலு காலையும் சரியான இடத்தில் ஊன்றி அசையாமல் நிற்கவேண்டும், முன்பின் தெரியாத ஆள் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தால் உறுமக்கூடாது, கயிறு தொய்வாக இருக்கும்போதே சீராக ஓடவேண்டும். வேகவைத்த ஈரல் துண்டு சட்டைப்பையில் இருந்தால் இரண்டு மாதத்தில் வந்துவிடும். படம் எடுப்பது அதைவிட எளிது. நின்றுகொண்டு எடுக்காதீர்கள், தரையில் படுத்து நாயின் கண் மட்டத்துக்கு வாருங்கள். காலை வெயில் போதும், பிளாஷ் வேண்டாம். வெள்ளை நாயைக் கேமரா சாம்பலாக்கிவிடும், அதனால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

இப்படி எடுத்ததில் ஒரு படம் அமைந்தது. மொட்டைமாடியில் மணி உட்கார்ந்திருக்கிறான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நெற்றி சுருங்கி, எதையோ கேட்கிற மாதிரி. பார்த்தவர்கள் எல்லோரும் “பேசுது அண்ணாச்சி, அப்படியே பேசுது” என்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்த நொடியில் எடுத்தேன். ஆனால் அவன் பார்ப்பது கேமராவை அல்ல, அதற்குச் சற்றுத் தள்ளி. அதுதான் படத்துக்கு அழகு என்று நினைத்தேன்.

சென்னைக் கண்காட்சிக்கு மதுரையிலிருந்து கிளம்பிய இரவில் எனக்குக் கூபே கிடைக்கவில்லை. தாமதமாகப் பதிவு செய்தது என் தப்பு. மணியை நாய்ப்பெட்டிக்குள் விட்டேன். சாக்கை விரித்தேன். கதவு சாத்தியதும் உள்ளே இருட்டு. “மணி, இங்கதான்டா இருக்கேன்” என்று கம்பி இடுக்கில் சொன்னேன். உள்ளே அவன் எழுந்து எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அந்தச் சுவரைத்தான் பார்த்தான்.

நான் போய் என் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தில் தருமனோடு ஒரு நாய் போகிறது. தம்பிகளும் திரௌபதியும் வழியில் விழுந்த பிறகும் அது கூட வருகிறது. நாய்க்கு இடமில்லை என்று இந்திரன் சொன்னதும் தருமன் ரதத்தில் ஏற மறுக்கிறான். தருமனின் பெருமையைச் சொல்லத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். திருச்சியில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டியை நோக்கி ஓடிய எனக்குத் தோன்றியது வேறு. அந்த நாயை யாரும் கயிற்றில் கட்டி அழைத்துப்போகவில்லை. அது தானாக வந்தது, எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போயிருக்கலாம். மணி எங்கே போகிறான் என்று மணிக்குத் தெரியாது.

கண்காட்சியில் மூன்றாம் இடம். நடுவர் அவன் நிதானத்தைப் பாராட்டினார். திரும்பும்போது கூபே கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவிதான் கண்டுபிடித்தாள். “வலது பக்கமாப் படுத்துத் தூங்கினா இவன் எந்திரிக்கவே மாட்டேங்குறான், கவனிச்சீங்களா? இடது பக்கமாப் படுத்தா ஒரு சின்னச் சத்தத்துக்கு முழிக்கிறான்.” கவனித்தோம். ஒரு வாரம் பார்த்தோம். வலது காது தரையில் அழுந்தியிருந்தால் தட்டு விழுந்தாலும் அசைவில்லை. இடது காது கேட்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கால்நடை மருத்துவர் ஆச்சரியப்படவே இல்லை. “வெள்ளை நாய்ல இது உண்டு சார். நிறம் குடுக்கிற செல் உள்காதுக்கும் வேணும். அது இல்லேன்னா பொறந்த சில வாரத்துலயே காது போயிரும். ஒரு காது மட்டும் போனா, சத்தம் கேக்கும், எங்கேருந்து வருதுன்னுதான் தெரியாது” என்றார். காரணம் வேறாகவும் இருக்கலாம், சோதித்தால்தான் உறுதி என்றும் சொன்னார். அந்தச் சோதனைக்கு நான் அலையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்து ஊர் நாய் வளர்ப்பவர் ஒருவர் வந்தார். அந்த மொட்டைமாடிப் படத்தைச் செல்போனில் பார்த்திருந்தார். அவருடைய பெட்டைக்கு மணியைச் சேர்க்கவேண்டும், ஈற்றில் ஒரு குட்டி எனக்கு. நான் மறைக்கவில்லை. “ஒரு காது சந்தேகமா இருக்கு அண்ணாச்சி” என்றேன். அவர் சிரித்தார். “சந்தேகம்தானே? போட்டோவுல தெரியவா போகுது? இவன் கலருக்கும் நிப்புக்கும் இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கிடையாது.” எனக்கும் அந்தச் ‘சந்தேகம்தானே’ வசதியாக இருந்தது. உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சரி என்றேன்.

ஏழு குட்டிகள். இரண்டுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை.

காண்ட் தன் அறவியல் வகுப்புகளில் நாயைப் பற்றிப் பேசுகிறார். உண்மையாக உழைத்து முதுமையடைந்த நாயைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். ஆனால் அந்தக் கடமை நாய்க்கு அல்ல, மனிதகுலத்துக்கு. நாயிடம் இரக்கமில்லாமல் பழகினால் மனிதர்களிடமும் நம் மனம் இறுகிவிடும் என்பது வாதம். இதை வைத்து என் கணக்கைப் போட்டுப்பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. அவர் தெரிந்தே சம்மதித்தார். இருவரும் அதனால் கொடியவர்களாகிவிடவும் இல்லை. அவர் நல்ல மனிதர், போன மாதம் என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். மனிதர்களுக்கு இடையில் எந்தக் கணக்கும் பாக்கியில்லை. தப்பு நடந்திருக்கிறது என்றால் அது முழுக்க அந்த இரண்டு குட்டிகள் பக்கம்தான் இருக்கவேண்டும். காண்டின் கணக்கில் அந்தப் பக்கத்துக்குப் பேரேடே கிடையாது.

இதற்கும் ஒரு பதில் உண்டு. டெரெக் பார்ஃபிட் 1984இல் எழுதிய நூல் ஒன்றில் பின்னியெடுத்த சிக்கல் அது. நான் மறுத்திருந்தால் அந்தக் குட்டிகள் காது கேட்கும் குட்டிகளாகப் பிறந்திருக்காது, பிறந்தே இருக்காது. அப்படியென்றால் யாருக்குத் தீங்கு? ஊர்க்காரரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், பார்ஃபிட்டைப் படிக்காமலே: “இல்லேன்னா அதுக பொறந்தேயிருக்காதுல்ல?” எனக்கு இந்த வாதத்தை உடைக்கத் தெரியவில்லை. உடைக்கத் தெரியாமலே, அது என்னை விடுவிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஏனென்றால் அன்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது குட்டிகளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நிறம், நிப்பு, விலை. தோட்டக் காவலுக்கு என்று செவிட்டுக் குட்டி ஒன்று போனது. இன்னொன்று என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சொல்லாமல் விடுவேன் என்று சொன்னது இதைத்தான்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். என்ன நிறம், என்ன இனம், யார் வயிற்றில் பிறந்தது, ஒன்றும் கிடையாது. பெயர், அது செய்த காரியம், அவ்வளவுதான். மணியின் கண்காட்சிச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தாய், தகப்பன், பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் உண்டு. மணி செய்தது என்று ஒன்றும் இல்லை.

பிறகு பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நாய் சங்கடப்படும்போது கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நடத்தை பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், நான் ‘ஆள் சரியாப் பாக்கல’ என்று ஒதுக்கிவைத்த படங்கள் பாதிக்கு மேல் அவன் வேண்டாம் என்று சொன்ன படங்கள். அழித்தவை எத்தனை என்று நினைவில்லை.

கண்காட்சிகளை நிறுத்திவிட்டேன். அது பெரிய தியாகமில்லை, அலுத்தும் போயிருந்தது. வீட்டில் எல்லோரும் மணியின் முன்னால் வந்து நின்று கையசைத்துக் கூப்பிடப் பழகிக்கொண்டோம். வலது பக்கமாகப் படுத்திருந்தால் பக்கத்தில் தரையைத் தட்டுவோம். பதினோராவது வயதில், ஒரு மழைக்காலத்தில் போனான்.

மொட்டைமாடிப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கழற்றிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன், மனைவி வேண்டாம் என்றாள். வருகிறவர்கள் இப்போதும் அதன் முன்னால் நின்று, “என்னமோ கேக்குற மாதிரியே இருக்கே” என்பார்கள். “ஆமா, இவரு எங்க இருக்காருன்னு கேக்குறான்” என்பாள் அவள்.